வாளியில் ஊற்றிய மோர்

"இப்ப எவன் ஒழுங்கா வேலை பாக்குறான்? ஈயம் பூசுறவன்கூட புகையைக் காட்டிட்டுக் கூலியை வாங்கிட்டுப் போயிடுறான்." வெள்ளைச்சாமிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அதனால்தான் ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேருக்கு வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுக்க, ஈயம் தேய்ந்த பித்தளை அண்டாவை மூலையில் கவிழ்த்துவிட்டு, சத்திரம் பக்கம் கடை கடையாய்த் தட்டிப் பார்த்துத் துத்தநாகம் பூசிய புது வாளிகளைத் தானே வாங்கி வந்தார்.

மருமகள் பொன்னுத்தாய் முதல்நாள் மாலையே மோர் கடைந்து, எலுமிச்சை பிழிந்து, அந்த வாளிகளில் ஊற்றி வைத்தாள். மறுநாள் குடித்தவர்கள் சாலையோரம் குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தியெடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முந்தின வாரம்தான் அவள் மாமனாரோடு வாய்ச்சண்டை போட்டிருந்தாள். கோபத்தில் எதையோ கலந்துவிட்டாள் என்று தெரு பேசியது. அன்றிலிருந்து வெள்ளைச்சாமி அவள் கையால் பச்சைத்தண்ணீர்கூட வாங்கவில்லை.

வாந்தியெடுத்தவர்களுக்கு மருந்து கொடுத்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் செபஸ்தியான் வெள்ளைச்சாமியின் வீட்டுக்கே வந்தார். பக்கத்து வீட்டு அழகம்மாளும் பின்னாலேயே வந்து நின்றாள். செபஸ்தியான் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கலந்த ஆசிட்டை ஊற்றி ஓர் இரும்பு ஆணியைப் போட்டார். மெல்லக் குமிழி விட்டது. வாளியிலிருந்து சுரண்டிய பூச்சைப் போட்டார். சுர்ரென்று நுரைத்துக் கரைந்தே போனது.

"பாருங்க பெரியவரே, இரும்பைவிட இந்தப் பூச்சு வேகமா கரையுது. மோர்ப் புளிப்பும் எலுமிச்சையும் இதே வேலையை மெதுவா செஞ்சிருக்கு. ராத்திரி முழுக்க ஊறினதுல பூச்சு மோர்ல கரைஞ்சிருச்சு. அதான் வாந்தி."

செல்லாமல் போன பின்னும் மடியில் வைத்திருந்த செப்புக் காலணாவை வெள்ளைச்சாமி எடுத்து உள்ளே போட்டார். அது சும்மா கிடந்தது.

"செம்புல மோரை வச்சா களிம்பு ஏறும்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். இங்க ஏன் ஒண்ணும் ஆகல? யாருகிட்ட வித்தை காட்டுற?"

"செம்புக்குக் காத்து படணுங்க, நேரமாகணும்..."

"ஆமா, கேட்டா காத்துன்னு சொல்லுவ."

பொன்னுத்தாய் வாளியைத் தூக்கி வந்து வெளிச்சத்தில் சாய்த்தாள். மோர் நின்ற மட்டத்துக்குக் கீழே பளபளப்பு செத்துச் சாம்பல் பூத்திருந்தது.

"நீங்களே தொட்டுப் பாருங்க மாமா."

தொட்டார். மேலே வழவழப்பு, கீழே சொரசொரப்பு. விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நான் தட்டிப் பாத்து வாங்கின வாளி இது."

"பொன்னுத்தாயி, தொண்டை காயுது. ஒரு சொம்பு தண்ணி குடு" என்றாள் அழகம்மாள். வாங்கி, எல்லோர் முன்னாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

பொன்னுத்தாய் மறுபடி சொம்பை நிரப்பி மாமனாரிடம் நீட்டினாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தார், கொள்ளிடத்து ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்க.

"நுரை வருதாம், நுரை!"