கூரைக்காரர் போட்ட வளையம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் தம்பி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். வரட்டும். அன்று நடந்ததைப் பார்த்துவிட்டுக் கோபம் வராதவர்கள் மூக்கை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்?

மலை விளிம்பில் பலகையால் கட்டிய இரண்டு அறைகள்தான் எங்கள் நிலையம். வலசைக் காலத்தில் வல்லூறுகள் அந்த வழியாகப் போகும். வலையில் பிடித்து, அளந்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் போட்டு விட்டுவிடுவோம். வேறெங்காவது யாராவது அந்தப் பறவையைக் கண்டால், அது எங்கிருந்து எங்கே போனது என்று தெரியவரும். வளையம் போட உரிமம் வைத்திருப்பவள் நான். நிலையத்துக்குப் பொறுப்பாளர் என் தம்பி. வீட்டில் நான் அக்கா, இங்கே அவன் எனக்கு மேலதிகாரி. இந்தக் கூத்தை எங்கள் அம்மா பார்த்தால் சிரித்தே ஓய்ந்துபோவாள்.

கூரை ஒழுகியது. மழை வந்தால் வாளியை வைப்பதா, பறவையைப் பார்ப்பதா என்று தெரியாது. தகரக் கம்பெனி முதலாளி ஒருவர் புதுக்கூரை போட்டுத் தருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு எங்களிடம் கூரைக்காரர் என்று பெயர். அவர் நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்றதும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. தரையைக் கழுவினான், இஸ்திரி போட்ட சட்டையோடு மலையேறினான், என் கிழிந்த ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை.

கூரைக்காரர் போட்டோகிராபரோடு வந்தார். நல்ல காற்று அடித்தது. ஒளிந்து உட்காரும் அறையிலிருந்து எங்கள் உதவியாளர் கயிற்றை இழுக்க, வல்லூறை ஈர்க்கக் கட்டிவைத்த புறா, நகம் படாமலிருக்கப் போட்ட தோல்சட்டையோடு வெளியே சிறகடித்தது. சற்று நேரத்தில் ஓர் இளம் பெண் வல்லூறு பாய்ந்து வலையில் விழுந்தது. அதை எடுத்து, இரண்டு பால்பவுடர் டின்களை ஒட்டிச் செய்த குழாய்க்குள் தலை முதலில் போகும்படி நுழைத்தேன். உள்ளே இருட்டு என்பதால் பறவை அடங்கிவிடும். காலும் வாலும் மட்டும் வெளியே தெரியும்.

அப்போதுதான் தம்பி என் காதருகே வந்து, வளையத்தை அவரே போடட்டும் என்றான். உரிமம் இல்லாதவர் கையில் இடுக்கியைக் கொடுப்பதா என்றேன். காலை நான் பிடித்துக்கொண்டால் போதுமாம், அவர் அழுத்த மட்டும்தான் செய்வாராம். நான் பதில் சொல்வதற்குள் இடுக்கி அவர் கைக்குப் போய்விட்டது.

வளையத்தின் இரண்டு விளிம்புகளும் நேருக்கு நேர் வந்து முட்டி நிற்க வேண்டும். அதற்குக் கண் காலில் இருக்க வேண்டும். கூரைக்காரரின் கண் கேமராவில் இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டே ஓர் அழுத்து அழுத்தினார். ஒரு விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். தம்பியும் தட்டினான். அவனும் காலைப் பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் தட்டினான்.

வளையம் சரியாக விழவில்லை, கழற்ற வேண்டும் என்றேன். தம்பி சிரித்த முகம் மாறாமல், "பரவாயில்லக்கா, பறந்துடும்" என்றான்.

பறக்கத்தான் பறக்கும். ஏறி நிற்கும் அந்த விளிம்பு நாளெல்லாம் காலை அறுக்கும். கால் வீங்கும், விரல்கள் செத்துப்போகும். காலால் இரையைப் பிடிக்கிற பறவைக்குக் கால் போனால் பட்டினிதான். இது எனக்குத் தெரிந்த அளவு அவனுக்கும் தெரியும். கூரைக்காரர் பறவையைத் தூக்கிப் பறக்கவிட இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நான் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன்.

இறுகிய வளையத்தைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காலை அசையாமல் பிடிக்க, மற்றவர் வளையத்துக்குள் கம்பிகளை நுழைத்து இருபுறமும் இழுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் கால் உடையும். பின்னாலேயே வந்த தம்பியைப் பார்த்தேன்.

"மானத்தை வாங்காதக்கா" என்றான்.

"உன் மானம் தகரத்துலதான் இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சுடா. பிடி இதை."

பிடித்தான். அவன் பிடிப்பில் எப்போதும் குறை சொல்ல முடியாது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். விளிம்பு விலகியது, வளையம் திறந்தது. காலில் கீறல்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் தோளைத் தட்டலாம் என்று கையைத் தூக்கினேன்.

"சீக்கிரம் வேற ஒண்ணு போடுக்கா. வளையம் இல்லாம போட்டோ எடுத்தா நல்லா இருக்காது" என்றான்.

தூக்கிய கையால் ஜன்னலைத் திறந்தேன். வல்லூறை டின்னிலிருந்து உருவி வெளியே விட்டேன். அது சரிவோடு தாழப் போய், காற்றைப் பிடித்து மேலேறியது.

முன்னறைக்கு வந்தபோது தம்பி எனக்கு முன்பே அவரிடம் பேசிக்கொண்டிருந்தான். பறவை அக்கா கையிலிருந்து நழுவிவிட்டதாம். பாவம், கண் முன்போல் தெரிவதில்லையாம். கூரைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, பரவாயில்லை, தப்பு எல்லோருக்கும் நடப்பதுதான் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு!

அவர் கையைப் பிடித்து, கோணிய வளையத்தை உள்ளங்கையில் வைத்தேன்.

"இது நீங்க போட்டது. அந்த ஓரத்துல விரலை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க."

ஏதோ விளையாட்டு என்று நினைத்து அழுத்தித் தேய்த்தார். வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டார். தோலில் மெல்லிய சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

"நீங்க ஒரு தடவைதான் தேய்ச்சீங்க. அது இதைக் கால்ல மாட்டிக்கிட்டே கடல் தாண்டிப் போகணும். நழுவல சார். நான்தான் கழட்டிட்டு விட்டேன்."

போட்டோகிராபர் கேமராவை இறக்கிக்கொண்டார். கூரைக்காரர் விரலைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"இது தப்பா விழுந்தது அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி என்னைப் பார்த்தான். மேலே ஒழுகுகிற கூரையைப் பார்த்தான். இன்னொரு பொய்க்கு அவனுக்கு நேரம் இருந்தது.

"தெரியும் சார்" என்றான்.

அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை. இதற்குள் என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். இளகவில்லை. இதே வார்த்தையை, கைதட்டுவதற்குப் பதிலாக, அப்போதே சொல்லியிருக்கலாம்.