அடுப்போரம் தங்கிய நிழல்

1846 வசந்தத்தில் டொர்லைவ் ஓமுண்ட்சன் பெர்கன் துறைமுகத்தில் கப்பல் ஏறியபோது அவருடைய நிழல் அவரோடு போகவில்லை. வீட்டில் அடுப்போர நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது. மனைவி குன்ஹில்ட் அது கிளம்பிப் போகட்டுமென்று கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள். குளிர் ஏறவும் சாத்திவிட்டாள். பாதிரியார் வந்து பார்த்து, காப்பி குடித்து, வேதத்தில் இதற்குத் தடையில்லை என்று சொல்லிப் போனார். அந்த வருஷம் ஹெர்ரிங் மீன் விலை சரிந்தது.

டொர்லைவ் ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊரின் வரலாற்றை எழுதுகிறவர். உள்ளூர்க்காரர் சொல்வதை, பொய்யென்று தெரிந்தாலும், ஓரெழுத்து மாற்றாமல் எழுதுவார். அதில்தான் அவருக்குப் பேர். பத்தொன்பது வருஷத்தில் ஏழு புத்தகங்கள் வந்தன. தெற்கே பலேர்மோ ஊரின் வெயிலில் நிழல் விழாத ஆளைக் கண்டு சத்திரக்காரர்கள் கதவடைத்தார்கள். மாட்டுக் கொட்டிலில் படுத்து எழுதினார். எத்தனையோ பேரைப் பேச வைத்த மனுஷரிடம் சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. வீட்டில் ஒருத்தி கேட்பாள் என்ற நினைப்பில்தான், பாவம், காலத்தை ஓட்டினார்.

வீட்டிலோ குன்ஹில்ட் நிழலின் இரு கைகளிலும் கம்பளி நூலை மாட்டிப் பந்து சுற்றிக்கொண்டிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பக்கத்து வீட்டு மீன்காரி பெரெட்டா கேட்டேவிட்டாள்.

"நெழலுக்குப் போயி காப்பி ஊத்துறியே, குடிக்குதாடி அது?"

"குடிக்காட்டி என்னக்கா? எழுந்து போகாம உக்காந்திருக்குல்ல."

1865 இலையுதிர் காலத்தில் அவர் திரும்பி வந்தார். நிழல் ஓடி வந்து காலில் ஒட்டிக்கொள்ளும் என்று வாசலிலேயே நின்றார். அது அசையவில்லை. குன்ஹில்ட் ஈரக் கையைத் துடைத்து, அவர் கையைக் குலுக்கி, "போன தடவ வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றாள். பெர்கனில் அது விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தை. வீட்டு மனுஷரிடம் யாரும் சொல்வதில்லை. பிறகு விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பூப்போட்ட கோப்பையில் காப்பி கொடுத்தாள்.

அவர் அதைக் குடித்து முடித்தார். மாடி அறையில் குடியிருந்துகொண்டு சொந்த ஊரின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். மழை ஓயாத ஊர் என்பதால் அவருக்கு நிழலில்லாதது யார் கண்ணையும் உறுத்தவில்லை. தெருத் தெருவாக முடித்து, கடைசியில் கீழே இறங்கி, வழக்கம்போலக் கதவைத் தட்டி, பேனாவோடு உட்கார்ந்து, இந்த வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

குன்ஹில்ட் அடுப்போரம் பார்த்தாள். "நல்ல மனுஷருங்க. ஒரு நாள்கூட என்ன விட்டுட்டு எங்கயும் போனதில்ல."

அவர் அதை ஓரெழுத்து மாற்றாமல் எழுதிக்கொண்டார்.