மூன்று கிராம் குறைந்த பாம்பு

மன்னித்துவிடு மகளே என்று பாதிரியார் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவர் வீட்டில் பாம்பு இல்லை, சொல்லிவிட்டுப் போகலாம். நான் மன்னிக்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

என் பெயர் எவுதேலியா. குவாதலூபே பெரிய சாலையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை என்னுடையது. கணவன் எல்லை தாண்டி வடக்கே போனான், போனவன் போனவன்தான். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் நாற்பது பிளாஸ்டிக் இழுப்பறைகள், இழுப்பறைக்கு ஒரு பாம்பு. எல்லாம் ராஜப்பாம்பு, எங்கள் நுவேவோ லியோன் மலையில் கல்லிடுக்கில் கிடக்கிற ஜாதி. விஷம் கிடையாது. மற்ற பாம்புகளைப் பிடித்து விழுங்கும், அதனால் ராஜா.

அதன் அழகு நிறத்தில் இருக்கிறது. ஒரே தாய் ஒரே தடவையில் போட்ட முட்டைகளில் ஒன்று சாம்பல் உடம்பில் சிவப்புத் திட்டுகளோடு வரும், இன்னொன்று சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று வளையம் வளையமாக வரும், மூன்றாவது தலையிலிருந்து வால்வரை கரிக்கட்டையாக வந்து நிற்கும். முட்டை கிழியும்வரை அப்பனுக்கும் தெரியாது, ஆத்தாளுக்கும் தெரியாது. இந்த மாதிரிப் பாம்பு வளர்க்கிற நாங்கள் மொந்தெர்ரேய் வட்டாரத்தில் முப்பது பேர் இருப்போம். முட்டை பொரிகிற மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

பதினோரு வருடம் ஜோடி சேர்த்து, கழித்து, மறுபடி சேர்த்துத்தான் எனக்குக் கனேலா கிடைத்தாள். உடம்பு முழுக்க வெளிர் ஆரஞ்சு, கறுப்புக் கோடு ஒன்றுகூடக் கிடையாது. சமையலுக்குப் போடும் பட்டையின் நிறம், அதனால் அந்தப் பெயர். அவளுக்கு ஏற்ற ஆண் கர்னல். அவனும் நான் வளர்த்தவன்தான். அந்த மார்ச் மாதம் இரண்டையும் முதல் முறையாகச் சேர்க்க வேண்டும்.

அந்த வாரம் பார்த்து எனக்குப் பித்தப்பையில் கல். வியாழக்கிழமை வலியில் இரண்டாக மடிந்துபோய்க் கிடந்தேன், வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அறைச் சாவியை ரொகாசியானோவிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பேன்? கண்ணாடி ஆலையில் சூப்பர்வைசர், எங்கள் முப்பது பேர் சங்கத்தில் என்னைப்போலவே பாம்புப் பைத்தியம், எல்லாவற்றுக்கும் மேலே என் மகள் அபிகாயிலின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையைக் கையில் ஏந்திய நாளிலிருந்து நான் அவருக்குக் கொமாத்ரே, அவர் எனக்குக் கொம்பாத்ரே. அதற்கு முன்பு வா போ என்றிருந்தோம். அன்றிலிருந்து வாங்க போங்கதான். அந்த உறவு ரத்தத்தைவிடக் கெட்டி என்பது எங்கள் ஊர் நினைப்பு.

"ரெண்டுக்கும் இரை குடுத்தாச்சு கொம்பாத்ரே. நாளைக்கு அவளைத் தூக்கி அவன் பெட்டியில விடுங்க. இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் எடை போட்டு அட்டையில எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

செவ்வாய்க்கிழமை கையில் தொப்பியை வைத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து நின்றார்.

"மனசைத் தேத்திக்கங்க கொமாத்ரே. கனேலா போயிருச்சு."

"எங்க போச்சு?"

"கர்னல் வயித்துக்குள்ள."

எனக்குத் தையல் பிரிந்துவிட்டதுபோல் வலித்தது. அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்: "அவனுக்கு இரை குடுத்துட்டுத்தானே வந்தீங்க?"

எனக்கு நினைவில்லை. கொடுத்தேன் என்று வாய் சொன்னது. வலியில் கிடந்த அந்த வியாழக்கிழமை எலியை எடுத்தேனா, போட்டேனா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ராஜப்பாம்பைப் பட்டினி போட்டுவிட்டுப் பக்கத்தில் பெண்ணை விடுவது எங்களில் நேற்று வந்தவன்கூடச் செய்யாத தவறு. பதினோரு வருட உழைப்பை ஒரு எலியை மறந்து நானே தின்னக் கொடுத்துவிட்டேன் என்று நம்பினேன்.

"அந்தக் கொலைகாரனை நீங்களே கொண்டுபோயிடுங்க. நான் வர்றப்ப அவன் என் கண்ணுல படக்கூடாது" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க. அவனும் உங்க பிள்ளைதானே."

"கொண்டுபோங்கன்னா கொண்டுபோங்க!"

கொண்டுபோனார். நான் வீடு திரும்பியபோது இரண்டு இழுப்பறைகள் காலி. முன்னால் செருகியிருந்த இரண்டு அட்டைகளையும் உருவி, போய்ச் சேர்ந்த பாம்புகளின் அட்டைகள் கிடக்கும் பிஸ்கட் டப்பாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டு மூடினேன். அதற்கப்புறம் சங்கத்தில் யார் கேட்டாலும், "இரை போட மறந்துட்டேன்" என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். "எவுதேலியா வீட்டுக்கு விருந்துக்குப் போனா வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போகணும்டா" என்று கிண்டலடித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மறு ஆண்டு ஜூனில் மொந்தெர்ரேயில் ஊர்வனக் கண்காட்சி. ரொகாசியானோவின் மேசையைச் சுற்றிக் கூட்டம். எட்டிப் பார்த்தேன். எட்டுக் குட்டிகள், பத்து மாதம் இருக்கும், எட்டும் வெளிர் ஆரஞ்சு. மேலே பலகையில் அவருடைய குடும்பப் பெயரைப் போட்டு 'கவாசோஸ் தங்கம்' என்று எழுதியிருந்தது.

"எல்லாம் கர்னலோட ரத்தம், கொமாத்ரே! சும்மாவா?" என்றார். "சால்தியோவுல ஒருத்தன்கிட்ட ஒரு பெட்டை வாங்கினேன். சாதாரணப் பெட்டைதான். அதிர்ஷ்டம், வேற என்னத்தைச் சொல்ல." ஒரு குட்டியை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு நீட்டினார். "இது என் ஞானமகளுக்கு."

நான் அவருக்கு நன்றி சொன்னேன். கூட்டத்தின் நடுவே கட்டிப்பிடித்துச் சொன்னேன். எல்லாவற்றையும்விட அந்த நன்றிதான் இன்றைக்கும் என் வயிற்றில் எரிகிறது.

வீட்டுக்கு வந்து குட்டிக்கு அட்டை எழுத உட்கார்ந்தேன். தகப்பன் விவரம் வேண்டும். பிஸ்கட் டப்பாவைத் திறந்து கர்னலின் அட்டையைத் தேடி எடுத்தேன். கடைசி இரண்டு வரி. முதல் வரி என் கையெழுத்து, நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு: 212 கிராம். அடுத்த வரி அவர் கையெழுத்து, கனேலாவை விழுங்கியதாகச் சொன்ன செவ்வாய்க்கு அடுத்த ஞாயிறு: 209 கிராம்.

கனேலா நூற்றெண்பது கிராம்.

ஒரு முழுப் பாம்பை விழுங்கியவன் அந்த வாரமே மூன்று கிராம் இளைத்திருக்கிறான். பொய்யை யோசித்து யோசித்துக் கட்டிய மனிதர் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பழக்கதோஷத்தில் இருந்த பாம்பையெல்லாம் வரிசையாகத் தராசில் போட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஆட்கள் அப்படித்தான். பெண்டாட்டியிடம் பொய் சொல்வோம், அட்டையில் பொய் எழுத வராது.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அட்டையை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"இதைப் படிங்க கொம்பாத்ரே."

"என்ன இது, பழைய அட்டை..."

"சத்தமாப் படிங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

படித்தார். இரண்டாவது எண்ணுக்கு வந்ததும் உதடு நின்றுவிட்டது. பிறகு ஒருமுறை சால்தியோ என்று ஆரம்பித்தார்.

"சால்தியோவுக்கு இப்பவே வண்டி எடுக்கறேன், ஏறுங்க. அந்த ஆள் முகத்தையும் பாத்துட்டு வந்துடலாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பாத்துக்கிட்டே இருந்தேன் கொமாத்ரே. மூணு வருஷமா உங்க வீட்டுக்கு வந்து அவளைப் பாத்துக்கிட்டே இருந்தேன். கடவுள் ஒருத்தர் கையில இப்படியெல்லாமா குடுப்பாரு, என் கையில குடுக்க மாட்டாரான்னு..."

"கேட்டிருந்தா ஒரு குட்டி குடுத்திருப்பேனே!"

"குட்டி வேண்டாம். அவதான் வேணும்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, ஒரு நிமிடம் இருக்கும். பிறகு, பதினைந்து மாதம் நான் கொலைகாரியாகத் திரிந்தது நினைவுக்கு வந்தது.

பேரம் அவரே ஆரம்பித்தார். "ரெண்டையும் எடுத்துக்கங்க. உள்ள அடைகாக்கிற பெட்டியில இந்த வருஷ முட்டை ஒம்பது இருக்கு, அதையும் எடுத்துக்கங்க. நாளைக்குச் சங்கத்துல மட்டும் வாயத் திறக்காதீங்க. உங்க மகளுக்காக. நான் அவளுக்கு அப்பன் மாதிரி."

நான் தலையை ஆட்டினேன். ஏமாற்ற வேண்டும் என்றுதான் ஆட்டினேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

கனேலாவைக் கையில் எடுத்தபோது விரலிடுக்கில் நுழைந்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அவளுக்கு என்னைத் தெரிந்ததா என்றால், பாம்புக்கு அப்படியெல்லாம் தெரியாது. எனக்கு அவளைத் தெரிந்தது, கண்ணில் நீர் முட்டியது. முட்டைப் பெட்டியை அவரே தூக்கிவந்து என் வண்டியின் முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுவிட்டார். ஒவ்வொரு முட்டையின் மேலேயும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார், எந்தப் பக்கம் மேலே என்று தெரிவதற்கு. "புரண்டுடக் கூடாது கொமாத்ரே. வேகத்தடையில நின்னு போங்க. ஈரம் குறையவே கூடாது. ஜூலை கடைசியில பொரிஞ்சிடும்" என்றார். வண்டி திரும்பும்வரை தெருவில் நின்று முட்டைகளையே பார்த்தார்.

மறுநாள் சங்கத்துக் கூட்டம் நசாரியோ வீட்டு முற்றத்தில். நசாரியோ எங்களில் மூத்தவர், கறி சுடுவது எப்போதும் அவர்தான். அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாட்டு விலாவைப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்லார் கையிலும் பீர். ரொகாசியானோ இறுகக் கட்டிப்பிடித்து என்னை வரவேற்றார், காதில் "நன்றி" என்றார்.

நான் ஒரு நாற்காலிமேல் ஏறினேன்.

"கனேலா உயிரோட இருக்கா" என்றேன். "கர்னல் அவளை விழுங்கலை. கொம்பாத்ரே விழுங்கினார்."

"கொமாத்ரே!" என்றார் அவர். "நேத்து வாக்குக் குடுத்தீங்களே!"

"கழுத்து சுளுக்கு. தலை தானா ஆடிடுச்சு."

வேறு விளக்கம் சொல்லவில்லை. தேதிகளையும் இரண்டு எண்களையும் கனேலாவின் எடையையும் படித்தேன். வெளியாள் யாராவது இருந்திருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. முப்பது பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள், முகங்கள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. அடுப்படியிலிருந்து நசாரியோவின் குரல் வந்தது.

"அடேயப்பா! ஒரு பாம்பை முழுசா முழுங்கி மூணு கிராம் இளைச்சிருக்கானா? அந்த வைத்தியத்தை என் பெண்டாட்டிக்கும் சொல்லுங்கப்பா!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஒருவன் பீரை மூக்கு வழியாக விட்டான். ரொகாசியானோ அடித்திருந்தால், திட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பார், ஆனால் அவரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், அது இன்னும் மோசம். அன்றைக்கே அவருக்கு 'மூணு கிராம்' என்று பெயர் விழுந்துவிட்டது. குட்டி வாங்கியவர்கள் பலகைப் பெயரைக் கேட்டே சிரிக்கிறார்கள். ஆலையில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்கள்வரை பெயர் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன், அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

போதாதா என்று கேட்பீர்கள். போதவில்லை.

செப்டம்பரில் அபிகாயிலுக்குப் பதினைந்து வயது நிறைவு. எங்கள் ஊரில் அது கல்யாணத்துக்குச் சமம்: பூசை, மண்டபம், விருந்து, ஞானத்தகப்பனோடு பெண் ஆடும் வால்ட்ஸ். வர இயலாது என்று அவர் சொல்லியனுப்பினார். நானே நேரில் போனேன்.

"கோவில் புத்தகத்துல உங்க பேர்தான் இருக்கு. அதை அழிக்கிற ரப்பர் இன்னும் வரல. முன் மேசையில இடம் போட்டாச்சு."

"சங்கத்துக்காரங்க எல்லாரும் வருவாங்களே."

"ஒருத்தர் விடாம."

வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, புது ஷூ. பின்மேசைகளில் குசுகுசுப்பும் இருமலும் நடுவே அந்தப் பெயரும். அபிகாயிலோடு ஆடினார், ஆட்டம் முடிந்ததும் அவள் அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். என்னிடம் வந்து, "போதும்மா, பாவம்" என்றாள். "உனக்கு அவர் அப்பன் மாதிரி, எனக்கு அப்படி இல்லை" என்று அனுப்பிவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கேலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"பொரிஞ்சுதா?"

"பொரிஞ்சுது."

"ஒம்பதுமா?"

"ஒம்பதும்."

அவர் முகம் மலர்ந்தது. அத்தனை அவமானத்துக்கு நடுவே அப்படி ஒரு மலர்ச்சி. முப்பது நாள் அவர்தான் ஈரம் பார்த்து, சூடு பார்த்து, புள்ளி வைத்துக் காத்த முட்டைகள். கிட்டத்தில் குனிந்து, குழந்தை கேட்பதுபோல் கேட்டார்: "என்ன நிறம் வந்துச்சு கொமாத்ரே?"

சங்கத்தில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எட்டு வெளிர் ஆரஞ்சு. ஒன்பதாவது, எங்களில் யாரும் இதுவரை காணாத ஒரு நிறம், நசாரியோ பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். இவரிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். என்னைப்போல் இல்லை, அவர்கள் சத்தியத்தைக் காப்பவர்கள்.

"சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. பாக்கக்கூட வேண்டாம், சொன்னாப் போதும்."

நான் தோர்த்தியா ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சாப்பிடுங்க கொம்பாத்ரே. கறி ஆறுது."