சத்தம் போடாத துணி

எனக்கு என் மகளுடைய போன் நம்பர் வேண்டும். அமெரிக்கா வந்த மூன்று மாதமாக மகனிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் தரவில்லை. நாளைக்கு என்பான். டைரி ஆபீஸில் இருக்கிறது என்பான். அங்கே இப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பான். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. பெற்ற பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகள் பெயர் வான்மதி. அவளோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். படிப்பு நாலாவது வரைக்கும்தான். அடுக்கி வைத்த துணியை அறுக்கிற கத்திக்கு முன்னால், விரல் போகாமல் இருக்க ஒரு தகடு வைத்திருப்பார்கள். அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கும். கழற்றச் சொன்னேன். துணி பிடித்துக்கொண்டிருந்த கலாவதிக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரியிடம், அவள் பேச்சு மும்முரத்தில் கையை விட்டுவிட்டாள் என்றேன். அதே கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருந்த என் மகள் எழுந்து வந்தாள். "அப்பாதானுங்க தகட்டைக் கழட்டச் சொன்னாரு. நான் பாத்தேன்" என்றாள். அத்தனை பேர் முன்னால்.

எனக்கு வேலை போயிற்று. அன்று சாயங்காலமே சொந்தபந்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னேன். "இனி அவ செத்தாலும் எனக்கு ஆரும் வந்து சொல்லக் கூடாது."

அவள் சொன்னதுதான் உண்மை. நான் சொன்னது பொய். இதை என் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் நம்பர். பொங்கலுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். எனக்கு வயது அறுபத்தொன்பது. தள்ளிப் போட முடியாது.

மகன் முகிலன் நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்க்கிற ஒரு வெள்ளைக்காரன் அவனுக்கு வில்லால் மான் அடிக்கப் பழக்கிவிட்டிருந்தான். மரத்தில் ஏணி சாத்தி, உச்சியில் ஒரு பெஞ்சு கட்டி, அதில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பார்களாம். நான் வந்ததிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறாமல் போனான். ஒரு மானும் வந்து சேரவில்லை.

"மானை அடிக்கப் போறியா, தாலாட்டித் தூங்க வைக்கப் போறியாடா?" என்று கேட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம், நான் மறுபடி நம்பரைக் கேட்டபோது சொன்னான்: "இந்த சனிக்கிழமை எங்கூட வாங்கப்பா. அங்க வச்சு அக்கா விசயம் பேசலாம்."

"ஒரு நம்பரை வாங்கறதுக்கு மரம் ஏறோணுமாடா?"

"ஆமாங்கப்பா. ஆனா உங்க ஸ்வெட்டர் பத்தாது. டிரஸ் வாங்கோணும்."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வான்மதி என்னோடு பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லத்தான் இடம் தேடுகிறான். சொல்லட்டும். எப்படியாவது நம்பரை வாங்கிவிடுவது என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூட் ஒன் என்கிற நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப் போனான். வேட்டைக்காரர்களுக்கென்று தனிப் பகுதி. எல்லாத் துணியிலும் இலையும் கொப்புமாக அச்சடித்திருந்தார்கள். தையல் சேருகிற இடத்தில் இலை இலையோடு பொருந்தவில்லை. வெட்டினவன் அவசரக்காரன்.

கடைக்காரன் ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினான். இருப்பதிலேயே விலை கூடினது. காற்று, மழை, பனி எதுவும் புகாது என்றானாம். நான் ஜாக்கெட்டின் கையைக் காதோரம் வைத்து நகத்தால் கீறினேன். சரக் சரக் என்றது.

"நைலானு. பனவோலைப் பாயில உருண்ட மாதிரிச் சத்தம். மான் என்ன செவிடுன்னு நெனச்சானா?"

முகிலன் சிரித்துவிட்டான். நான் வந்த பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "கரெக்ட்டுங்கப்பா. வில்லை இழுக்கறப்ப கை உடம்புல உரசும். அந்தச் சத்தம் போதும், அது ஓடிப் போயிரும். நீங்களே செலக்ட் பண்ணுங்க."

சரி என்று இறங்கினேன். கம்பளி சத்தம் போடாது. ஆனால் கனம், கழுத்தை அரிக்கும். அடுத்தது ஃபிளீஸ். பின்னல் துணியை பிரஷ் அடித்து மயிர் எழுப்பியது. எங்கள் ஊரில் ஏற்றுமதிக்கு டன் கணக்கில் அடிக்கிற சரக்கு. நகத்தால் கீறினால் சத்தமே இல்லை. வாயை வைத்து ஊதினேன். காற்று துணியைத் தாண்டி அந்தப் பக்கம் உள்ளங்கையில் பட்டது. ஆகாது. இன்னொன்று, அதே ஃபிளீஸ், நடுவில் மெல்லிசாக என்னமோ வைத்து ஒட்டியிருந்தார்கள். ஊதினேன். அந்தப் பக்கம் வரவில்லை. அதில் இரண்டை எடுத்தேன். ஒன்றில் பைக்கு ஒட்டுப்பட்டை வைத்திருந்தது. பிரித்தால் பர்ர் என்று கடை முழுக்கக் கேட்டது. அதைத் திருப்பி வைத்துவிட்டு பட்டன் வைத்ததைப் பிடித்தேன். ஜிப்பின் நுனி இரும்பு. அதைக் கழற்றிவிட்டு நூல் கட்டிக்கொள்ளலாம். பூட்ஸ் மட்டும் முகிலன் பார்த்தான். இரண்டு சாக்ஸ் போட்டும் விரல் அசைய வேண்டும், இறுக்கினால் ரத்தம் ஓடாமல் மரத்துப் போகும் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தான்.

"கையைத் தூக்குங்க. வில் இழுக்கற மாதிரி. குனிஞ்சு நிமிருங்க."

குனிந்து நிமிர்ந்தேன். என் மூச்சுத்தான் கேட்டது.

உள்ளே போட மெல்லிசாக ஒரு முழுக்கைச் சட்டையை நீட்டினான். இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். பாலியஸ்டர். தண்ணீரைக் குடிக்காத துணி. அப்படிப்பட்ட துணியை நான் நம்புவதில்லை.

"உள்ளுக்கு எம்பட பனியன் இருக்குது."

"காட்டன் வேண்டாங்கப்பா. நடக்கறப்ப ஸ்வெட் ஆகும், அப்புறம் காயவே காயாது. மேல உக்காந்தா உசுரு போற மாதிரி குளிரும்."

"முப்பது வருசம் அந்தக் காட்டனை வெட்டித்தாண்டா உன்னைய ஆளாக்குனேன்."

அவன் அதையும் கூடையில் போட்டான். மறுநாள் நான் சொல்லாமல் வெள்ளைப் பனியனை உள்ளே போட்டு, அதன் மேல் அவன் வாங்கினதைப் போட்டுக்கொண்டேன். மருமகள் பிரீத்தி என்னைப் பார்த்துவிட்டு, "மாமா, கரடி மாதிரியே இருக்கீங்க!" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று கிச்சனுக்குள் போய்விட்டாள். அழுகிற மாதிரி இருந்தது. இவர்கள் இரண்டு பேரும் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு பண்ணைக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குப் போனோம். வியர்க்கக் கூடாது என்று கனத்த கோட்டை அவனே பையில் போட்டுத் தூக்கி வந்தான். கால் மணி நேர நடைதான். இருந்தும் எனக்கு முதுகு நனைந்துவிட்டது. ஏணியில் ஏறி, இரண்டு பேர் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து, இடுப்பு வாரை மரத்தோடு மாட்டி, கோட்டைப் போட்டுவிட்டான்.

"இனிமேல் குசுகுசுன்னுதாங்கப்பா பேசோணும்" என்றான் காதுக்குள்.

வில்லைக் கொக்கியில் மாட்டினான். அம்பை எடுக்கவே இல்லை.

அரை மணி நேரத்தில் பனியன் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. அவன் சொன்னது சரி. பல் கிட்டிக்கொண்டது. அதோடேயே சொன்னேன்: "நம்பர்."

அவன் நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அக்கா இல்லீங்கப்பா."

"எங்க போனா?"

"இறந்துட்டாப்பா. ஆடி மாசம். மூளைக் காய்ச்சல். நாலே நாளுதான்."

வாயைத் திறந்தேன். நான் எதற்கும் கத்துகிறவன். சோற்றில் உப்புக் குறைந்தால் தெருமுனை வரை கேட்கும். முகிலன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சத்தம் போட முடியாத இடமாகப் பார்த்து என்னை ஏற்றி வைத்துச் சொல்கிறான் என்று அப்போது விளங்கியது. அவன் அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். எனக்குச் சத்தமே வரவில்லை.

"ஆடியில நீ ஊருக்கு வந்தியே."

"அதுக்குத்தான் வந்தேன்."

"ஆபீஸ் வேலைன்னு சொன்னே."

"நீங்க சொல்லி வச்சிருந்தீங்களேப்பா. சொல்லக் கூடாதுன்னு."

அவள் வீடு அவினாசியில். பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த வாரம் டீக்கடைக்குள் நான் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தியது ஞாபகம் வந்தது. என்னைப் பற்றிக் கேலி பேசுகிறார்கள் என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. சொந்தம், தெரு, டீக்கடை, ஒரு ஆள் விடாமல் என் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அவளுக்கு அம்மா இல்லை. மரகதம் போய்ப் பதினாலு வருஷம். "யாரு குளிப்பாட்டுனது?" என்று கேட்டேன்.

"நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. கலாவதி அக்காதான் குளிப்பாட்டுனாங்கன்னு மச்சான் சொன்னாரு."

எந்தக் கலாவதி என்று நான் கேட்கவில்லை.

அப்போது மான் வந்தது. மூன்று பெட்டை மான்கள். எங்கள் காலுக்கு நேர் கீழே வந்து நின்று, சருகைக் குளம்பால் தள்ளிவிட்டு எதையோ பொறுக்கித் தின்றன. என் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. குளிராலா, அதனாலா, எனக்கே தெரியவில்லை. பார்த்துப் பார்த்து எடுத்த துணி. அவ்வளவு நடுக்கத்துக்கும் துளிச் சத்தம் இல்லை. ஒரு மான்கூடத் தலை தூக்கவில்லை.

முகிலன் வில்லைத் தொடவில்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. பழகிப்போனவன் அழுகிற அழுகை அது. சனிக்கிழமை தவறாமல் எதற்கு வந்தான் என்று தெரிந்தது. வீட்டில் நான் இருந்தேன். அக்காவுக்காக அழ அவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

"என்னைக் கேட்டாளா?"

அவன் சொன்னான். "நெனவு இருந்தப்ப மச்சான் கேட்டிருக்காரு, அப்பாவுக்குச் சொல்லியுடட்டுமான்னு. வேண்டாம்னுட்டாளாம். சொல்லியும் அப்பா வரலைன்னா என்னால தாங்க முடியாது. சொல்லாம இருந்தா, தெரியாததுனாலதான் வரலைன்னு நெனச்சுக்கிட்டு இருப்பேன்னு சொன்னாளாம்."

கீழே ஒரு மான் காதை ஆட்டியது.

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாப்பா?"

"வந்திருப்பேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். நம்பினானோ இல்லையோ. ஆடி மாதத்தில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். செய்தி கொண்டு வந்தவனை நாற்காலியிலிருந்து எழாமலேயே துரத்தியிருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்திருப்பேன். பஸ் ஏறியிருக்க மாட்டேன். மனசு மாறியதெல்லாம் அதற்குப் பிறகு. அவள் போன பிறகு.

"பொய்டா" என்றேன். குசுகுசுவென்று இல்லை, வாய் விட்டுத்தான் சொன்னேன். "வந்திருக்க மாட்டேன்."

மான்கள் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு சிதறி ஓடின. அவை ஓடி மறைந்து, சருகுச் சத்தம் அடங்கும் வரைக்கும் முகிலன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் இடுப்பு வாரைக் கழற்றினான்.

"எறங்கலாங்கப்பா. உங்களுக்கு ரொம்ப நடுங்குது."

அவன் முதலில் இறங்கினான். என் கால் மரத்துப் போயிருந்தது, படி தட்டுப்படவில்லை. கீழே நின்றபடி பூட்ஸைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் அவனே எடுத்து எடுத்து வைத்தான்.