மன்னிப்பு வரிசை

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாளே ஹஸ்னாவுக்கு ஜெனீவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் லீஸ்பெத். நிவாரண நிறுவனத்தின் தலைமையகத்தில் ஊழியர்கள், ஒப்பந்தக்காரர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கிற அம்மாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஹஸ்னா ஒரு புகார் கொடுத்திருந்தாள். மக்காசர் நகரக் கிளையின் கொள்முதல் பிரிவில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. வெள்ளத்தில் வீடிழந்த மலைக்கிராமங்களுக்கு வாங்கிய தார்ப்பாய்கள் முதல் மழையிலேயே அப்பளமாய்க் கிழிந்தன. விற்றவன் பிரிவுத் தலைவர் பஹருத்தீனின் மச்சான். சரக்கு லாரியேறிப் போன பிறகுதான் ‘சோதித்தாயிற்று, தரம் சரி’ என்ற சான்றிதழ் கிடங்குக்கு வந்தது, முன்தேதி போட்டு. அதைக் கையில் வாங்கியவள் கிடங்குப் பொறுப்பாளர் தென்ரி. விசாரணையில் கேட்டபோது தென்ரி, “ஞாபகமில்ல” என்றுவிட்டாள்.

புகார் கொடுத்தவர் பெயர் ரகசியம் என்று சத்தியம் செய்தார்கள். நல்ல ரகசியம்! அந்தச் சான்றிதழைப் பார்த்தவர்கள் தென்ரி, ஹஸ்னா என்று இரண்டே பேர். தேதியைப் பற்றிக் கேள்வி வந்த நிமிடமே சொன்னது யார் என்று பஹருத்தீனுக்குத் தெரிந்துவிட்டது.

கடிதம் இப்படி இருந்தது: ‘புகாருக்கு உள்ளானவர் ஓர் ஆதாரம் தந்திருக்கிறார். கடந்த வாரம் நீங்கள் அவருக்கு அனுப்பிய செய்தி: “நான் செய்த எல்லாப் பிழைகளையும், வெளியே தெரிந்ததையும் உள்ளே மறைத்ததையும், மன்னித்துவிடுங்கள்.” பொய்ப் புகார் கொடுத்ததை நீங்களே ஒப்புக்கொண்டதாக அவர் சொல்கிறார். ஐந்து வேலை நாளுக்குள் விளக்கம் தரவும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது பணிநீக்கத்துக்குரிய குற்றம்.’

ஹஸ்னாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கடிதத்தை மறுபடி படித்தாள். அது பெருநாள் வாழ்த்து! இங்கே பெருநாளன்று எல்லோரும் எல்லோரிடமும் இதே வார்த்தைகளில் மன்னிப்புக் கேட்பார்கள். ஓலையில் கட்டிய சோற்றுப் பொட்டலப் படம் போட்டு, அலைபேசியில் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் ஒரே தட்டில் அனுப்பியது. பல் டாக்டருக்குப் போனது, இறைச்சிக்கடைக்காரருக்குப் போனது. பஹருத்தீன் பெயரை நீக்கத் தோன்றவில்லை. இந்த ஊரில் பெருநாளன்று யாருக்குத்தான் அது தோன்றும்? அந்த மனுஷனும் இதே ஊரில் பிறந்தவர்தானே. தெரிந்தே செய்திருக்கிறார், படுபாவி.

விளக்கம் எழுத உட்கார்ந்தாள். ‘இது எங்கள் ஊர் வழக்கம்’ என்று எழுதினாள். படித்துப் பார்த்தால் அவளுக்கே சாக்குப்போக்கு போலிருந்தது. அழித்தாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். ஜெனீவாவில் பொழுது விடிந்ததும் லீஸ்பெத்தையே கூப்பிட்டாள்.

“வழக்கம்னு எனக்குப் புரியுது ஹஸ்னா,” என்றார் லீஸ்பெத். “ஆனா எனக்குப் புரிஞ்சா மட்டும் போதாது. கோப்புல உங்க வார்த்தை எழுத்துல இருக்கு. உங்க பக்கம் பேச யாராவது ஒருத்தர் வேணும். அந்தச் சான்றிதழ் வந்ததை நேர்ல பார்த்தவங்க.”

பார்த்தவள் தென்ரி. அவள் நாலு மேசை தள்ளி உட்கார்ந்து, ஹஸ்னா திரும்பும்போதெல்லாம் குனிந்துகொண்டிருந்தாள்.

அன்று மூன்று மணிக்கு அலுவலகத்தில் மன்னிப்பு வரிசை. வருடா வருடம் நடப்பதுதான். தலைவர் முதலில் நிற்பார். ஒவ்வொருவராய் வந்து கைபிடித்து மன்னிப்புக் கேட்டு, ஏற்கெனவே நிற்பவர்களிடமும் வரிசையாகக் கேட்டு, கடைசியில் தானும் போய் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அவரிடமும் கேட்பார்கள். அதன்பிறகு சாப்பாடு. போகாவிட்டால் நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று பேச்சு வரும். போனால் இன்னொரு ஆதாரம். பஹருத்தீனின் கையாள் இர்வான் அலைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வரும்போது அவன் ஏனோதானோவென்று எடுத்தான். கண்ணெல்லாம் ஹஸ்னா மேலேயே.

வரிசையில் அவளுக்கு முன்னால் டிரைவர் ரேவா. விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது.

“எனக்கும் அதே மெசேஜ்தான் வந்துச்சும்மா. பத்து வருஷமா அதே சோத்துப் பொட்டலம். எனக்கு நீங்க என்ன துரோகம் பண்ணீங்க, சொல்லுங்க பார்ப்போம்!”

“அண்ணே, சும்மா இருங்க. எனக்கு உசிரு போகுது.”

“அட, சிரிங்கம்மா. படம் எடுக்கறான்.”

வரிசை நகர்ந்தது. ஹஸ்னாவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவாங்குவது கேட்டது. திரும்பினாள். தென்ரி.

பஹருத்தீன் பட்டு பாத்திக் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். இரண்டு கையையும் நீட்டினார். “வாம்மா ஹஸ்னா,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “மனசுல எதையும் வச்சுக்காத. சொல்லிடு.”

அவளுடைய கை அவளைக் கேட்காமலே நீண்டது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம். பஹருத்தீனின் ஈரக் கை அதைப் பற்றிக்கொண்டது. இர்வான் ஓரடி முன்னால் வந்தான். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு என்று நினைத்தாள். பயம் ஒரு எல்லைக்குப் போனதும் எரிச்சலாக மாறிவிட்டது.

“உங்க மேல கோவப்பட்டதுக்கு, பின்னாடி பேசினதுக்கு, உங்க நடையைக் கிண்டல் பண்ணதுக்கு எல்லாத்துக்கும் மன்னிச்சுக்குங்க சார்,” என்றாள். “தார்ப்பாய் மட்டும் இதுல சேராது. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கல. அதுக்குக் கேக்க வேண்டியது நீங்க. என்கிட்ட இல்ல, மலைமேல நனைஞ்சுக்கிட்டுக் கிடக்காங்களே, அவங்ககிட்ட.”

மன்னிப்பில் இப்படி விலக்கு வைத்து அங்கே யாரும் கேட்டதில்லை. பஹருத்தீன் சிரித்த முகத்தோடுதான் இருந்தார், கையை மட்டும் உருவிக்கொண்டார். ஹஸ்னா நிற்பவர்களிடம் ஒவ்வொருவராய்க் கைபிடித்துக்கொண்டே போனாள். சிலர் விரல் நுனியைத்தான் கொடுத்தார்கள். ரேவா மட்டும் அழுத்திப் பிடித்தார். அவருக்கு அடுத்து, கடைசியாகப் போய் நின்றாள்.

தென்ரி பஹருத்தீனிடம் தலைகுனிந்து ஏதோ முணுமுணுத்தாள். அடுத்தவர், அதற்கடுத்தவர். ரேவாவைத் தாண்டி ஹஸ்னாவிடம் வந்ததும் அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்தாள். வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கினாள், பாதியில் உடைந்துவிட்டாள்.

“அக்கா, இது பெருநாளுக்குக் கேக்கறது இல்ல. நெஜமாவே கேக்கறேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. லாரி போன மறுநாள் சார்தான் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாரு. பழைய தேதி போட்டு வாங்கி வச்சுக்கச் சொன்னாரு. வேலை போயிடும்னு பயந்துட்டேன். மன்னிச்சுடுக்கா.”

இர்வான் அலைபேசியைச் சட்டென்று கீழே இறக்கினான்.

“இப்ப ஏன்டா நிறுத்தற? ரெண்டு பேரு சொன்னதும் பதிவாயிடுச்சு, வச்சுக்க,” என்றார் ரேவா.

வழக்கப்படி ஹஸ்னா, “நானும் கேக்கறேன், ரெண்டும் சரியாப்போச்சு” என்று சொல்ல வேண்டும். பெருநாள் மன்னிப்பை யாரும் மறுப்பதில்லை. அவளுக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் தூக்கமில்லாமல் கிடந்தவள் அவள்தானே.

“இப்ப மன்னிக்க மாட்டேன்டி,” என்றாள். “நாளைக்கு ஜெனீவா மேடம்கிட்ட இதை அப்படியே சொல்லு. அப்புறம் மன்னிக்கறேன்.”

தென்ரி கண்ணைத் துடைத்தாள். திரும்பிப் பஹருத்தீனைப் பார்த்தாள். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

“நாளைக்கா? ராத்திரி வீட்டுக்குப் போனா எனக்கு மறுபடி பயம் வந்துடும்,” என்றாள். “இப்பவே போனைப் போட்டுக் குடுக்கா.”