அம்மா கட்டியிருந்த பச்சை

மலைக்கோட்டை அடிவாரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த தருமலிங்கத்துக்கு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த நிறத்தில் சேலை போனது என்பதெல்லாம் அத்துப்படி. அப்பேர்ப்பட்ட மனுஷர், செத்துப்போன மனைவி பவுனம்மாளின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுத்தபோது, "சேலை என்ன கலருங்க?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டதும் விழித்தார். ஸ்ரீரங்கம் தேரன்று எடுத்த படம். அவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தேரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

எதை எடுப்பது என்று திணறுகிற வாடிக்கையாளர்களிடம் கடையில் சொல்வதையே இங்கேயும் சொன்னார்.

"பச்சை போடுங்க. யாருக்கும் எடுப்பா இருக்கும்."

படம் கூடத்துச் சுவரில் ஏறியது. கைக்குழந்தையிலேயே தாயை இழந்த மகள் தையல்நாயகி அதைப் பார்த்தே வளர்ந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "எங்கம்மாவுக்குப் பச்சைன்னா உயிரு" என்பாள். தருமலிங்கம் செருப்பைத் தேடுவது போல வெளியே போய்விடுவார்.

அவள் கல்யாணத்துக்குக் கடையிலிருந்து பட்டுச் சேலைகளை வீட்டுக்கே கொண்டுவந்து விரித்தார். அவள் பச்சை ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, படத்துக்குக் கீழே போய் நின்றாள்.

"அம்மா கட்டியிருந்தது இதே பச்சைதானேப்பா?"

இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணை மூடி, அந்தத் தேர்நாளை நினைத்துப் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவே பவுனம்மாள் பச்சைச் சேலையில் நின்றாள். எவ்வளவு முயன்றும் வேறு சேலையில் அவள் வரவில்லை.