வேதக்காரனுக்குப் பாவமில்லை

பிச்சுமணி ஐயருடைய பசுவையும் கன்றையும் வெறிநாய் கடித்தது. அதற்கு ஜெயிலுக்குப் போனது என் புருஷன் யோசுவா. கேட்கிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. எனக்கு மட்டும் விளங்கிவிட்டதா என்ன?

மகாராஜா இருக்கும் ஊரில், ஸ்ரீவராகத்தில் ஐயர் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால், அவருடைய மண்ணில்தான் எங்கள் குடிசை. வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக விறகு பிளந்து, தென்னைக்குத் தண்ணீர் விட்டு, கொல்லையைக் காவல் காக்கவேண்டும். யோசுவா சாலைக் கடைத்தெருவில் நாள் முழுக்க இரும்பு சுமந்துவிட்டு வந்து இதையும் செய்வார். மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த வேதக்காரர்களுக்குக் கோட்டையருகே ஒண்ட ஓர் இடம் கிடைத்ததே பெரிது என்று இருந்தோம்.

முதலில் பசுவுக்குத்தான் வெறி முற்றியது. வாயெல்லாம் நுரை. கட்டியிருந்த பலாமரத்தை முட்டி முட்டி ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டது. கயிறு எந்த நேரமும் அறுந்துவிடும் போலிருந்தது. ஐயர் வேலியருகே வந்தார்.

"யோசுவா, இது இனிமே பொழைக்காது. அறுத்துண்டு ஓடினா தெருவையே குத்திப்போட்டுடும். நீதான் ஒரு வழி பண்ணணும்."

"நானா சாமி? மகாராஜா ராஜ்யத்துல பசுவைக் கொன்னா ஜெயிலுல்லா?"

"அது எங்களுக்குன்னா மகாபாவம்! உங்க வேதத்துல தோஷமில்லையே. ஒண்ணும் பேடிக்காதே. நான் பாத்துக்கறேன், கேட்டியா?"

வேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "இருக்க மண்ணு அவருக்கதுல்லா ராகேலு?" என்றார் யோசுவா. பிறகு பசுவைப் பார்த்து, "வாயில்லாச் சீவன் படுத பாட்டைப் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோடாலியின் பின்புறத்தால் நெற்றியில் ஒரே அடி. அடித்துவிட்டு, வேலியோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். ஐயர் அதுவரை முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். அப்புறம் குளித்து, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். குழி வெட்டிப் புதைத்ததும் யோசுவாதான்.

புதுமண் அக்கிரகாரத்தார் கண்ணில் பட்டுவிட்டது. பசு எங்கே என்று நாலு பேர் கேட்டதும் ஐயருடைய நாக்கு புரண்டுவிட்டது. "நான் ஸ்நானத்துக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா, இந்த வேதக்காரன் கோடாலியும் கையுமா நிக்கறான்" என்று போலீசில் சொன்னார். கோர்ட்டிலும் சத்தியம் செய்து அதையே சொன்னார். ஐயர் சொல்லித்தான் அடித்தேன் என்று யோசுவா சொன்னதை யாரும் நம்பவில்லை.

எங்கள் சபையார் ஒரு வக்கீலை வைத்தார்கள். "கிறிஸ்தவனுக்குப் பசு தெய்வமில்லை. பிறர் மதத்தின் விதியை மீறினான் என்று இவனை எப்படித் தண்டிக்கலாம்?" என்று அவர் கேட்டார். மாஜிஸ்ட்ரேட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த ராஜ்யத்தில் சட்டம் எல்லா மதத்தாருக்கும் ஒன்றுதான்" என்றார். ஒரு வருஷம் கடுங்காவல்.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் கொல்லச் சொல்லும்போது நாங்கள் வேறு வேதம், கூண்டில் ஏற்றும்போது எல்லாரும் ஒன்று என்றால் வயிறு எரியாதா? எரிந்தது. இன்னும் எரிகிறது.

தீர்ப்பாகிச் சில நாளில் கன்றுக்கும் நுரை தள்ளியது. ஐயர் அதே வேலியருகே வந்து நின்றார். கோர்ட்டில் கணீரென்று பேசிய குரல் இப்போது கம்மியிருந்தது.

"ராகேல், கன்னுக்குட்டிக்கும் வந்துடுத்து. குழந்தைகள் ஓடியாடற இடம். உன் தம்பி ஞானசிகாமணி வந்திருக்கானே, அவனும் வேதக்காரன்தானே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு கோர்ட்டுல சொல்லியாச்சுல்லா சாமி. அப்பம் பாவமும் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒங்க கன்னுக்குட்டிய நீங்களே பாத்துக்கிடுங்க."

"யார் மண்ணுல நின்னுண்டு பேசறே, தெரியுமோ?"

"தெரியும் சாமி."

உள்ளே போய்ப் பானைகளை எடுத்து வைத்தேன். தம்பி பாயைச் சுருட்டினான். நாங்கள் சாமான்களோடு வெளியே வந்தபோது கன்று அடித்தொண்டையில் அலறிக்கொண்டிருந்தது. அதற்காக அழுதேன், பொய் சொல்லமாட்டேன். ஐயர் முன்போலவே முதுகைக் காட்டிக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அடிக்கத்தான் ஆளில்லை.